பொந்து அடைத்த சுவர்

அங்கே இல்லை இன்ஜினியர் அம்மணி, இன்னும் கொஞ்சம் இடது பக்கம். பித்தளை டம்ளர்களை வரிசையாக ஒட்டிவைத்திருக்கிறார்கள் பாருங்கள், அதற்குக் கீழே. அங்கே தட்டுங்கள். விரல் முட்டியால் தட்டினால் தெரியாது. இந்தாருங்கள், என் சாவிக்கொத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன சத்தம் வருகிறது?

எனக்கும் அப்படித்தான் கேட்கிறது. சுற்றிலும் ஒரு மாதிரி, அந்த இடத்தில் மட்டும் வேறு மாதிரி. அங்கேதான் பொந்து இருந்தது.

மெட்டீரியல் கடை தண்டபாணி உங்களிடம் என்ன சொல்லி அனுப்பினார் என்று தெரியவில்லை. 'மயிலாத்தா அக்கா ஓட்டல்ல ஏதோ செவுரு உடைக்கோணுமாம், போய்ப் பாரம்மா' என்றிருப்பார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும். நானும் அவ்வளவுதான் சொன்னேன். சர்வீஸ் லேட்டாகிறது, அதுதான் காரணம். சமையலறையிலிருந்து தோசை அந்த வழியாகப் போய், கை கழுவும் இடத்தைச் சுற்றி, இந்த சோபாக்களைத் தாண்டி வருவதற்குள் துணி மாதிரி ஆகிவிடுகிறது. பழையபடி இங்கே ஒரு திறப்பு இருந்தால் நேராகக் கைக்கு வந்துவிடும். சின்ன வேலைதான். உட்கார்ந்து காபியைக் குடியுங்கள், சொல்கிறேன். சாயங்காலக் கூட்டம் வர இன்னும் நேரமிருக்கிறது. கூட்டம் என்று சொல்வது ஒரு பழக்கம்.

பொந்து என்றுதான் நாங்கள் சொல்வோம். ஜன்னல்தான். கம்பியை எடுத்துவிட்டு அடியில் ஒரு கடப்பாக் கல் போட்டிருந்தோம். இந்தப் பக்கம் என் கல்லா, அந்தப் பக்கம் என் வீட்டுக்காரருடைய தோசைக்கல். எல்லாக் கடையிலும் கல்லா வாசலில் இருக்கும், எங்கள் கடையில் நடுவில் இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தால் என் முகத்துக்கு நேராகப் பொந்து. அவர் நின்று வேலை செய்கிறவர். தலையைச் சாய்த்துக் கொஞ்சம் குனிந்தால்தான் நான் தெரிவேன். நாள் முழுக்கக் குனிவதும் நிமிர்வதுமாகத்தான் இருப்பார்.

எங்கள் கடையில் சப்ளையர் நேராக உள்ளே போய்ச் சொல்லக் கூடாது. என்னிடம் சொல்ல வேண்டும். நான் பொந்தில் சொல்வேன். அவர் திருப்பிச் சொல்வார். திருப்பிச் சொன்னால்தான் கேட்டது என்று அர்த்தம். "ரெண்டு ரோஸ்ட்டு, ஒரு ஆனியன், ஒண்ணு எண்ணெய் இல்லாம" என்பேன். "எண்ணெய் இல்லாம ஒண்ணு, ஆனியன் ஒண்ணு, ரோஸ்ட்டு ரெண்டு" என்பார். எப்போதும் கடைசியிலிருந்து முதலுக்குத்தான் வருவார். ஏன் இப்படித் தலைகீழாகச் சொல்கிறீர்கள் என்று ஒருதரம் கேட்டேன். "கடைசியாச் சொன்னதுதானே புள்ள பக்கத்துல இருக்குது" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி வீட்டில் நான் கேட்டதில்லை.

கிட்டுசாமி என்று பெயர். இருக்கிறார், இருக்கிறார். அப்படிப் பார்க்காதீர்கள். தாராபுரத்தில் இருக்கிறார்.

வீட்டில் நாங்கள் என்ன பேச? மாவு ஆட்டியாச்சா, தண்ணி வந்ததா, அவ்வளவுதான். நாள் பூராவும் கடையில் தொண்டை கிழியக் கத்தியாகிவிட்டது. வீட்டுக்குப் போனால் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எங்கள் தாரணி சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் போய், "எங்கப்பாவும் அம்மாவும் ஓட்டல்ல மட்டுந்தான் பேசிக்குவாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓட்டல்காரர்கள் வீடு அப்படித்தான் டீச்சர் என்றேன்.

சண்டை போட்டாலும் பொந்து வழியாகத்தான். சண்டை என்றால் வார்த்தை எதுவும் இல்லை. நான் "ரெண்டு ரோஸ்ட்டு" என்பேன், அவர் "ரெண்டு" என்று மட்டும் சொல்வார். ரோஸ்ட்டை விழுங்கிவிடுவார். அப்படியானால் கோபம். சாப்பிட வருகிறவர்களுக்கே தெரியும். கமிஷன் மண்டி குருநாதன் என்று ஒருவர், தினமும் வருவார். "என்னக்கா, இன்னைக்கு மாஸ்டர் பாதிதான் பேசறாரு, தோசையும் பாதிதான் வருமா?" என்பார். மறுநாள் காலையில் "ரெண்டு ரோஸ்ட்டேய்" என்று நீட்டிச் சொன்னாரென்றால் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம், அதையும் சொல்லிவிடுகிறேன். வியாபார நேரத்தில் ஆர்டரை விட்டுவிட்டு என் குரலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்குத் தொண்டை கட்டியிருந்தால் ஆர்டரைத் திருப்பிச் சொல்லாமல் மிளகு போட்டு வெந்நீர் வைக்கப் போய்விடுவார். எங்கள் அம்மா தவறிய அன்று நல்ல கூட்டம். போனில் சொன்னார்கள். கடையில் உட்கார்ந்திருப்பவர்களை என்ன செய்வது, சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை. "ஒரு ஆனியன்" என்று பொந்தில் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் முகத்தைக் கொண்டுவந்து பொந்தில் வைத்து, "என்னாச்சு புள்ள?" என்றார். ஒன்றுமில்லை, ஒரு ஆனியன் என்றேன். போய் அடுப்பை அணைத்துவிட்டார். கல்லில் நாலு தோசை ஊற்றியிருக்கிறது. அத்தனை பேர் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வியாபாரத்தில் அப்படிச் செய்யலாமா, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று. மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் யாரும் சொல்லாமலே அவரே ஒரு ஆர்டர் சொல்வார். "கல்லாவுக்கு ஒண்ணு, பொடி போட்டு." அதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். "பொடி போட்டு ஒண்ணு, கல்லாவுக்கு." சொன்னால்தான் ஊற்றுவார். சொல்லாமல் விளையாட்டுக்குச் சும்மா இருந்து பார்த்திருக்கிறேன். ஊற்ற மாட்டார். கரண்டியை வைத்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பார். எனக்குத்தான் பசி தாங்காது.

சரி, அந்தக் கதை எதற்கு. பொந்தை ஏன் அடைத்தோம் என்று கேட்டீர்கள்.

தாரணியைக் கோயமுத்தூரில் பெரிய இடத்தில் கொடுத்தோம். கல்யாணம் முடிந்து சம்பந்தியம்மா முதல்தரம் கடைக்கு வந்தார். அதோ அந்த மூலையில் அப்போது மர பெஞ்சு, அதில் உட்கார்ந்தார். பொந்து வழியாகக் கல் எதிரே தெரியும். உள்ளே அவர் பனியனோடு நிற்கிறார். தோளில் பச்சைத் துண்டு. வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி கரண்டியை எடுக்கிறார். எந்த தோசை மாஸ்டர்தான் துடைக்கவில்லை? சம்பந்தியம்மா நல்ல மாதிரி. பாதி தோசையை அப்படியே வைத்துவிட்டு, காலையில் சாப்பிட்டது இன்னும் செரிக்கவில்லை என்றார். நான் அந்தத் தட்டை எடுத்துப்போய் நானே கழுவினேன்.

அவருக்காகத்தான் அம்மணி. யாரும் அவரை அந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது என்றுதான். மாப்பிள்ளையின் சிநேகிதர் என்று ஒரு ஆர்க்கிடெக்ட்டைக் கூட்டி வந்தேன். பிரதீபன் என்று பெயர். தாடி, காதில் கடுக்கன். என்னை 'ஆன்ட்டி' என்பார். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, கிச்சன் வேற உலகம், ஹால் வேற உலகம். வர்றவங்க சாப்பாட்டைப் பாக்கணும், சமைக்கறதைப் பாக்கக் கூடாது" என்றார். என் மனதில் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டார். அன்றைக்கே முன்பணம் கொடுத்தேன்.

இந்தச் செங்கல் சுவரைப் பார்த்தீர்களா? இது உள்ளேயும் செங்கல் சுவர்தான். எங்கள் மாமனார் காலத்துச் செங்கல். அதை நன்றாகப் பூசி, பூச்சு காய்ந்ததும் மேலே செங்கல் மாதிரி ஓடு வாங்கி ஒட்டினார்கள். எதற்கு என்று கேட்டால் 'ரஸ்டிக் லுக்' என்றார். விளக்கெல்லாம் கவிழ்த்து வைத்த கூடை. கூடை நல்ல அழகுதான், இலையில் வைத்தது சட்னியா பொரியலா என்று தெரியாது. இந்த சோபா நான் கேட்டு வாங்கியது. குருநாதன் வந்து உட்கார்ந்தார், அதற்குள்ளேயே அமுங்கிப் போய்விட்டார். தட்டு அவர் தாடைக்கு நேராக இருந்தது. "அக்கா, எனக்கு முடிவெட்டப் போறீங்களா, சோறு போடப் போறீங்களா?" என்றார். அதற்கப்புறம் அவர் வருவதில்லை. மண்டிக்கே பார்சல் வாங்கிப் போகச் சொல்லிவிடுகிறார்.

மாடியில் ஒரு பார்ட்டி ஹால் எழுப்பினார்கள். கல்லாவை வாசலுக்குக் கொண்டுபோனார்கள். அது கல்லா இல்லை, 'ரிசப்ஷன்'. கருப்பு கிரானைட். நான் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு அங்கே உட்கார வேண்டும்.

அவரிடம் கேட்காமல் செய்தேன் என்று நினைக்காதீர்கள். வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல கல்லா எங்க புள்ள?" என்றார். வாசலில் என்று காட்டினேன். "கல்லு?" என்றார். இங்கே என்றேன். இரண்டு விரலையும் அந்த இரண்டு இடத்திலும் வைத்துக்கொண்டு இருந்தார். அப்புறம், "உன்ற இஷ்டம்" என்று எடுத்துவிட்டார். இஷ்டம் என்று சொன்ன மனிதர் பிறகு குறை சொல்லக் கூடாது இல்லையா? சொல்லவும் இல்லை. அதுதான்.

பொந்தை அடைத்த அன்று எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. முழுக் கடையையும் மூடினால் வாடிக்கை போய்விடும் என்று பார்சல் மட்டும் நடத்தினோம். மேஸ்திரி காளியண்ணன் இந்தப் பக்கம் நின்று கல் வைக்கிறார். அந்தப் பக்கம் இவர் தோசை ஊற்றுகிறார். நான் பக்கத்தில் நின்று ஆர்டர் சொல்கிறேன். ஒவ்வொரு வரிசை ஏறவும் நான் கொஞ்சம் எக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அவரும் மேலே மேலே முகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார். இத்தனை வருஷம் குனிந்த மனிதர், அன்றைக்குக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றார். எங்கள் சப்ளையர் ரங்கராசுவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு கல் இடம் பாக்கி. காளியண்ணன் கரண்டியில் கலவையை வைத்துக்கொண்டு, "ஏனுங்கக்கா, உள்ளார ஏதாச்சும் சொல்லோணுமா? அடைச்சுப்போடுவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ரெண்டு ரோஸ்ட்டு, பார்சல்" என்று சொன்னேன். காளியண்ணன் கல்லை வைத்துக் கரண்டிப் பிடியால் ரெண்டு தட்டுத் தட்டினார்.

அவர் திருப்பிச் சொல்லியிருப்பார். அந்தத் தட்டில் கேட்டிருக்காது.

சமையலறையை நீங்கள் பார்த்தீர்களே, எப்படி இருக்கிறது? உத்தரம்வரைக்கும் டைல்ஸ். ஸ்டீல் மேஜை. அவருடைய கல்லுக்கு மேலே அந்தச் சிம்னி, கோயமுத்தூரிலிருந்து வந்தது. ஒரு பொட்டுப் புகை தங்காது. வெள்ளைக் கோட்டும் தொப்பியும் தைத்துக் கொடுத்தேன். முதல் நாள் போட்டுக்கொண்டு நின்றபோது ரங்கராசு, "மாஸ்டரு டாக்டராட்ட இருக்கறாரு, ஊசி கீசி போட்றாதீங்க" என்றான். அவர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். ஆர்டர் சொல்ல வேண்டிய வேலையே கிடையாது. சப்ளையர் கையில் ஒரு மெஷின், அதில் அழுத்தினால் உள்ளே கல்லுக்குப் பக்கத்தில் சீட்டு அச்சாகி வரும். கிர் என்று ஒரு சத்தம். சீட்டைப் பார்த்து ஊற்ற வேண்டியதுதான். சத்தம் இல்லை, கத்தல் இல்லை. என் தொண்டைக்கும் நல்லது.

அங்கேதான் ஒரு சின்னத் தகராறு. மத்தியானம் ரங்கராசு ஒரு தோசையைத் தூக்கிக்கொண்டு ஹால் முழுக்க நடந்து வாசலுக்கு வருவான். "கல்லாவுக்குங்கக்கா" என்பான். வருகிறவர்கள் போகிறவர்கள் பார்க்க, பட்டுப் புடவையோடு ரிசப்ஷனில் நான் தோசை தின்றுகொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அங்கே வைக்காதே, உள்ளேயே வை என்றேன். மறுநாளும் வந்தது. மெஷின் கணக்கிலும் தினமும் ஒரு தோசை இடிக்கிறது, சீட்டு இல்லாமல் ஊற்றியிருக்கிறார்கள் என்று காட்டுகிறது. அந்த மெஷின் வைத்த பையன், "ஒண்ணு விட்டா எல்லாரும் விடுவாங்க மேடம்" என்றான். எனக்கும் சரியென்று பட்டது. சீட்டு இல்லாமல் ஒரு பொருளும் வெளியே வரக் கூடாது என்று எழுதி உள்ளே ஒட்டச் சொன்னேன். எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதினேன். அவருக்கென்று எழுதவில்லை.

அதற்கப்புறம் வரவில்லை. ரங்கராசு மட்டும் வந்து, "அக்கா சாப்பிட்டாச்சான்னு மாஸ்டர் கேக்கறாரு" என்பான். ஆச்சு என்று சொல் என்பேன். அதுவும் கொஞ்ச நாளில் நின்றுவிட்டது. நான் தாரணி வீட்டிலிருந்து வந்த ஓட்ஸ் பழகிக்கொண்டேன்.

அப்போதுதான் அவருக்குக் காது கேட்கவில்லை என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வீட்டில் ஏதாவது சொன்னால் பதில் இல்லை. முன்னே ஒரு 'ம்' ஆவது வரும். சிம்னி சத்தத்தில் செவி மந்தமாகிவிட்டது என்று கோயமுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்துகிறார், அழுத்துகிறார். ஒவ்வொரு தடவையும் வாய் அசைகிறது. டாக்டரம்மா வெளியே வந்து, "காதெல்லாம் நல்லா இருக்குதுங்க. ஆனா ஒவ்வொரு சத்தத்துக்கும் அவரு ஏதோ சொல்றாரு, அமைதியா அழுத்தச் சொல்லுங்க" என்றார். அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். வரும்போது பஸ்ஸில், காது நன்றாகத்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் பதில் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாராபுரத்தில் பங்காளி வீட்டு விசேஷம் என்று போனார். அடுப்பையெல்லாம் பற்றவைத்து, மாவைக் கரைத்துவைத்துவிட்டுத்தான் போனார். திரும்பி வரவில்லை.

முதலில் உடம்புக்கு என்னவோ என்று பயந்தேன். அப்புறம் வேறு மாதிரியும் பயந்தேன், பொம்பளை மனசு. குருநாதன்தான் வந்து சொன்னார். நேரில் வந்து, அந்த சோபாவில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். "அக்கா, மாஸ்டர் தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு கடையில தோசை ஊத்திட்டிருக்கறாரு. நான் பாத்தேன்." யாருடைய கடை என்றேன். "யாரோ ஒரு வயசானவரு. கூலிக்குத்தான் நிக்கறாரு போல." சொந்தமாக இவ்வளவு பெரிய ஓட்டல். மேலே பார்ட்டி ஹால். முதலாளி அடுத்தவன் கடையில் கூலிக்கு நிற்கிறார். ஊரில் என்ன பேசுவார்கள்? பேசினார்கள். என் காதுபடவே, "வெள்ளைக் கோட்டு ஒத்துக்கலயாட்ட இருக்குது" என்றார்கள்.

நான் போனேன். வெயில் நேரம். கடை என்றால் கடை இல்லை, தகரக் கூரை, நாலு பெஞ்சு. தோசைக்கல் ரோட்டைப் பார்த்து வெளியே போட்டிருக்கிறது. எல்லாம் திறந்து கிடக்கிறது. போகிற வருகிற பஸ் புழுதியெல்லாம் அதில்தான். அவர் பனியனோடு நிற்கிறார். துண்டு அதே பச்சைத் துண்டு. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் சத்தம் போடாமல் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தேன். சப்ளையர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். ஒரு தோசை, பொடி போட்டு என்றேன். சப்ளையர் அங்கிருந்தே, "ஒரு தோசை, பொடி போட்டு" என்று கத்தினார்.

இவர், "பொடி போட்டு ஒண்ணு" என்றார்.

நல்ல குரல் அம்மணி. கட்டவே இல்லை. அந்த பஸ் இரைச்சலில் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

ஒன்று கவனித்தேன். கல்லுக்கு முன்னால் ஒரு தடுப்பும் இல்லை, வெட்டவெளி. ஆனாலும் ஒவ்வொரு ஆர்டருக்கும் தலையைச் சாய்த்துக் கொஞ்சம் குனிகிறார். குனிந்து, திருப்பிச் சொல்லிவிட்டு நிமிர்கிறார். கழுத்துப் பிடிப்பு போல. இந்த வயசில் நாள் பூராவும் நின்றால் வராதா? ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகத் தைலம் வாங்கி ஆள் மூலம் கொடுத்து அனுப்பினேன்.

தோசையை எடுத்து வைக்கத் திரும்பியவர் என்னைப் பார்த்தார். தட்டைத் தானே கொண்டுவந்து வைத்தார். "ஏனுங்க இப்படிப் பண்றீங்க? அங்க உங்களுக்குன்னு இத்தாச்சோட்டுப் பெரிய கிச்சன் கட்டி வெச்சிருக்கறேன், இங்க வந்து புழுதியில நிக்கறீங்க" என்றேன். "அங்க சத்தமே இல்ல புள்ள" என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அந்தச் சிம்னி போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். சத்தமே இல்லையாம். நீங்கள் சொல்வது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை என்றேன். "சாப்பிடு, ஆறுது" என்றார். அதற்குள் யாரோ ஆனியன் கேட்டார்கள். போய்விட்டார். தோசையை முழுக்கச் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

தாரணி போனில் கேட்டாள்: "நீ 'வாங்க'ன்னு கூப்டியாம்மா?" இது என்ன கேள்வி? அவர் கடை, அவர் வீடு. சொந்த வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வைத்தா கூப்பிடுவார்கள்? "நீ கூப்பிடலைல்ல" என்றாள். எதிர்த்துப் பேச நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் மறுபடி போனேன். கூப்பிடலாம் என்றுதான் போனேன். கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வாய் வரவில்லை. அத்தனை வருஷம் தோசைப் பெயரைத் தவிர வேறெதுவும் அவரிடம் உரக்கச் சொன்னதில்லை, எப்படி வரும்? "அந்தச் செவுத்தை உடைக்கப் போறேன்" என்றேன். அவர் கை நின்றது. "எதுக்கு?" என்றார். சர்வீஸ் லேட்டாகிறது என்றேன். கல்லைத் துடைத்தார். தண்ணீர் தெளித்தார். அது அடங்கினதும், "செவுரு உடைச்சா தூசி பறக்கும். மாவை மூடி வெக்கச் சொல்லு" என்றார்.

வரமாட்டேன் என்று சொல்லவில்லை, பார்த்தீர்களா? மாவை மூடச் சொன்னார். அக்கறை இல்லாதவர் சொல்வாரா?

மாடியைப் பார்க்க வேண்டுமா? பாருங்கள், பாருங்கள். படி அந்தப் பக்கம். பார்ட்டி ஹால் பூட்டவில்லை. அங்கே பூட்டுவதற்கு என்ன இருக்கிறது.

வந்துவிட்டீர்களா. முகம் ஏன் இப்படி இருக்கிறது? மேலே புழுக்கமாக இருக்கும், மின்விசிறி போட்டுக்கொண்டு பார்த்திருக்கலாம்.

விரிசலா? எங்கே? ஓ, அதுவா. அதைப் பெயின்ட் வெடிப்பு என்றல்லவா சொன்னார் பிரதீபன்.

மெதுவாகச் சொல்லுங்கள் அம்மணி, எனக்குப் புரியும்படி. பார்ட்டி ஹாலின் சுவர் நேராக இந்தச் சுவரின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சரி. பொந்துக்கு மேலே பழைய கல் உத்தரம் இருந்ததே, அடைக்கும்போது அதை எடுத்துவிட்டார்கள். ஆமாம், எடுத்தார்கள். அதைப் பின்பக்கம் துணி துவைக்கப் போட்டிருக்கிறோம். இப்போது மேல்சுவரின் பாரம் முழுக்க அடைத்த இடத்தில்தான் இறங்குகிறது. அதை எடுத்தால்?

விழுந்துவிடுமா?

விழாது என்று உறுதியாகச் சொல்ல மாட்டீர்கள். சரி. அப்படியானால் கைவைக்கக் கூடாது என்கிறீர்கள். அந்தப் பக்கம் தள்ளி? அங்கே திறந்தால் பாத்திரம் கழுவுகிற இடம் வரும். அங்கே யார் இருக்கிறார்கள், தண்ணீர்தான் இருக்கிறது. கல்லை நகர்த்த முடியாது, காஸ் லைனும் சிம்னியும் அதற்கென்று போட்டது.

இல்லை, இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள், அது நல்லதுதான். காபி இன்னொன்று சொல்லட்டுமா? வேண்டாமா.

ஒன்று கேட்கிறேன். ஏசிக்குக் குழாய் விடுவதற்குச் சுவரில் துளை போடுவார்களே, உடைக்காமல், மெஷினை வைத்து வட்டமாக. அது போடலாமா? அது போட்டால் மேலே ஒன்றும் ஆகாதா? ஆகாதா. நிச்சயமாக?

எவ்வளவு பெரிதாக வரும்? காபி டம்ளர் வாய் அளவா? போதும். போதும் அம்மணி. தட்டு போகாதுதான். தட்டு எதற்கு, ரங்கராசு சுற்றிக்கொண்டு கொண்டுவரட்டும், இத்தனை நாள் அப்படித்தானே வருகிறது.

எதற்கென்றா? சர்வீஸுக்குத்தான்.

கல்லாவை இங்கே கொண்டுவந்துவிடுகிறேன். வாசலில் வேறு யாராவது உட்காரட்டும். இந்த நாற்காலியை இப்படிப் போட்டால், இதோ, உட்கார்ந்துவிட்டேன். என் வாய்க்கு நேராக இங்கே வர வேண்டும். அந்தப் பக்கம் கல்லுக்கு எதிரே நிற்கிறவருக்கு எங்கே வரும்? நெஞ்சுக்கா? சரிவாகப் போட முடியுமா? ஏசித் துளையே சரிவாகத்தான் போடுவீர்களா, தண்ணீர் வடிய? அப்படியானால் நல்லதாகப் போயிற்று. இந்தப் பக்கம் தாழ்த்தி, அந்தப் பக்கம் எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்திப் போடுங்கள். என்னைவிட அவர் ஒரு சாண் உயரம். நின்றபடிக்கே இருக்கட்டும், குனிய வேண்டாம்.

அளவு பார்த்துவிட்டீர்களா? பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள், நாளைக்கு மெஷின்காரர் வந்தால் தெரிய வேண்டும்.

இருங்கள், அந்த இடம் பிசுபிசுவென்று இருக்கிறது. முந்தானையால் துடைத்துவிடுகிறேன். ம். இப்போது போடுங்கள்.